டூ ஹேண்ட் பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஓட்டுகிறார்கள், ஹிராவில் (வேலையில் உள்ள ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதும் ஷீட்) என்ன எழுத?

பிரஸ்ஷாப்_புதுசு:
உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி, பவர் பிரஸ் (ஷீட்டை அச்சில் வைத்து அடிக்கும் மெஷின்) மட்டும் 14. போன மாதம் சேஃப்டி வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய ஹிரா ஷீட்டில் "கை நசுங்கல், தீவிரம் 5, வாய்ப்பு 1, கட்டுப்பாடு: இரு கை பட்டன்" என்று இருக்கிறது, அதாவது இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் அடிக்கணும். கீழே போய்ப் பார்த்தால் இரண்டு மெஷினில் இடது பட்டன் மேல் ஒரு நட்டை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள், வலது கையால் பட்டன், இடது கையால் ஷீட்! சத்தம் போட்டால் கழற்றுகிறார்கள், நைட் ஷிஃப்டில் திரும்ப வந்துவிடுகிறது. வாய்ப்பை 4 ஆக்கினால் ஆடிட்டில் மாட்டும் என்கிறார் மேனேஜர்.

எலக்ட்ரிக்கல்_மாமா:
தம்பி, நட்டு வைத்தும் மெஷின் ஓடுகிறது என்றால் முதல் தப்பு வயரிங்கில். இரண்டு பட்டனையும் சும்மா சீரியஸில் கொடுத்திருப்பார்கள். டூ ஹேண்ட் சேஃப்டி ரிலே போடுங்கள். அரை விநாடிக்குள் இரண்டும் சேர்ந்து அமுங்கணும், அடுத்த அடிக்கு முன்னால் இரண்டையும் விட்டிருக்கணும், இல்லாவிட்டால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இறங்காது. 4 என்றே எழுதுங்கள், ஆடிட்டில் ஒரு என்.சி. (விதிப்படி இல்லை என்ற குறிப்பு) வரும், வந்தால்தான் ரிலேவுக்குக் காசு வரும்.

டூல்ரூம்:
ரிலே சரி, ஆனால் முதலில் பிரஸ்ஸில் ராமை ஓட்டும் கிளட்ச் ஃபிரிக்ஷன் கிளட்சா கீ கிளட்சா என்று பாருங்கள். கீ கிளட்சில் ஒரு தடவை கீ பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடிந்துதான் நிற்கும், நடுவில் நிறுத்தவே முடியாது, அதனால் லைட் கர்டன் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை) மாட்டினாலும் வெறும் அலங்காரம்தான் (மாட்டி வைத்திருக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன்). ஸ்பிரிங் உடைந்தால் யாரும் அழுத்தாமலே இன்னொரு அடி விழும். அதற்கு டையை, அதாவது அச்சை, சுற்றி ஷீட் நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு நிலையான கார்டு போடுவதுதான் வழி.

அப்புறம், ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தீர்களா? எங்களிடமும் இதே கதை. ஸ்டாப்பர் பின் (ஷீட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் முளை) தேய்ந்து போய் ஷீட் நழுவிக்கொண்டே இருந்தது, ஒரு கை அதைப் பிடித்தே ஆகணும், இல்லாவிட்டால் ரிஜெக்ஷன் அவன் கணக்கில். டையில் புது பின் அடித்தோம், டேப்பை அவனே பிய்த்துப் போட்டான்.

பிரஸ்ஷாப்_புதுசு:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அண்ணே. டேப் சுற்றிய இரண்டிலும் ஒரே பாகம்தான் ஓடுகிறது, பின் மொட்டையாகிக் கிடக்கிறது. ஒன்று கீ கிளட்ச். அதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன், மேனேஜர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.