சேலத்தில் பாப்பா மலர் கேட்க ரேடியோவை எந்தப் பக்கம் திருப்பணும்?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்:
சென்னை வானொலியின் குழந்தைகள் நிகழ்ச்சி பாப்பா மலர், அதை நடத்திய வானொலி அண்ணா கூத்தபிரான் என்று ஆரம்பித்தால் சென்னைக்காரர்கள் பாட்டையும் கதையையும் பேசுவார்கள். சேலத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பெட்டியைத் திருப்பியதுதான். காரணம் இருக்கிறது. இங்கே மத்திய அலையில் (மீடியம் வேவ்) எட்டும் தமிழ் நிலையங்களில் முக்கியமானவை மூன்று. திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். சென்னை ஏ 720, 200 கிலோவாட். கோவை 999, 20 கிலோவாட். நேர்கோட்டில் திருச்சி சுமார் 115 கி.மீ., கோவை 150, சென்னை 280. பகலில் தரையை ஒட்டி வரும் அலைதான் நமக்குக் கிடைக்கும். அதனால் திருச்சி கணீரென்று கேட்கும். பவர் இரண்டு மடங்கு இருந்தும் சென்னை மெலிந்துதான் வரும்.

டிரான்சிஸ்டருக்குள் நீளவாட்டில் ஒரு ஃபெரைட் ராடு படுத்திருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். ராடின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் அடங்கிவிடும், பக்கவாட்டு பார்த்தால் நன்றாக வரும். சேலத்தின் அமைப்பு இதற்கு ரொம்ப வசதி. கோவை கஞ்சமலைப் பக்கம், சென்னை அதற்கு நேர் எதிரே அயோத்தியாப்பட்டணத்துக்குச் சற்று வடக்காக, திருச்சி இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஜருகுமலைப் பக்கம். ஆகவே பெட்டியின் முகப்பு ஜருகுமலையைப் பார்த்தால் திருச்சி முழு பலத்தோடு வரும், சென்னையும் கோவையும் ஒன்றாக அடங்கும். சென்னை வேண்டுமென்றால் பெட்டியைக் கால்வட்டம் திருப்பினால் போதும்.

சத்தம் கூடும் இடத்தைத் தேடாதீர்கள். அது அகலமாக இருக்கும், காதுக்குப் பிடிபடாது. நிலையம் காணாமல் போகும் இடம்தான் கூர்மை. அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 90 டிகிரி திருப்புங்கள்.

குகை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணுங்க. பெட்டி இரும்பு பீரோ மேல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இரும்பு கிராதி, தகரக் கூரை எல்லாமே திசையைக் கெடுக்கும். மர ஸ்டூலில், ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கணும்.

நம்ம ஊருக்கே உரிய தொல்லை மோட்டார் இரைச்சல். பட்டறையில் கார்பன் பிரஷ் தேய்கிற சின்ன மோட்டார் ஓடினால் டயல் முழுக்கக் கரகரக்கும். தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகள் நிகழ்ச்சி வந்தது நம்ம அதிர்ஷ்டம். இரைச்சல் ஒரே பக்கமிருந்து வந்தால், ராடின் முனையை அந்தப் பக்கம் காட்டுங்க. நிலையம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பேச்சு புரியும்.

வால்வு செட் வைத்திருந்தவர்களுக்கு வேறு பாடு. வால்வு சூடேற அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். நிகழ்ச்சி தொடங்கும்போது சுவிட்ச் போட்டால் முதல் பாட்டில் பாதி போய்விடும். கரண்ட் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் ஈசிஎச்81 வால்வின் ஆஸிலேட்டர், அதாவது நிலையத்தைப் பிடிக்கப் பெட்டி தானே உண்டாக்கும் அலை, பாதி நின்றுபோகும். விளக்கு எரியும், லேசான உறுமல் இருக்கும், நிலையம் மட்டும் வராது. இதைக் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் நிறைய.

சூரமங்கலம்:
டயல் கண்ணாடியில் பென்சிலால் போட்ட பழைய அடையாளம் தள்ளிப்போயிருந்தால் முள்ளை இழுக்கும் நூல் நழுவியது என்று முடிவு கட்ட வேண்டாம். 1978 நவம்பரில் மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையிலான இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 9 ஆனது. மேலே சொன்ன மூன்று எண்களும் 9-ஆல் வகுபடும், பாருங்கள். அலைநீளத்தை மீட்டரில் போட்ட டயல் என்றால் திருச்சி 320, சென்னை 417, கோவை 300 பக்கம் தேடணும்.

நாகலூர், ஏற்காடு:
மலையில் இலங்கை வானொலியின் சிறுவர் மலரைச் சொல்லாமல் விடக்கூடாது. அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது சிறுவனாக ஒலிவாங்கி முன் நின்ற நிகழ்ச்சி அது. அப்போது 25, 41 மீட்டர் சிற்றலையில் (ஷார்ட் வேவ்) தேடுவோம். மோட்டார் இரைச்சல் இல்லாததால் கீழே சேலத்தில் முணுமுணுப்பது இங்கே தெளிவாகும்.

கம்பி ஏரியல் கட்டுவதானால் கிழக்கு மேற்காக, 41 மீட்டருக்கு 20 மீட்டர் நீளம், நடுவில் அறுத்து அங்கிருந்து ஒயர் இறக்கணும். கம்பி பக்கவாட்டில்தான் நன்றாக எடுக்கும், கொழும்பு நமக்குத் தெற்கு என்பதால்தான் இந்தத் திசை. தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் உயரமாகக் கிடைக்கும், ஆனால் காற்றுக்கு ஆடி கம்பியை அறுத்துவிடும். ஒரு முனையை நேராகக் கட்டாமல் கப்பி வழியாகக் கயிறு விட்டுக் கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும், கம்பிக்கு இழுவை வராது. இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர். வீட்டுக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே வளைத்து ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

சித்திரை, வைகாசி இடிதான் பயம். ஏரியலை எர்த்தோடு இணைக்கும் கத்தி சுவிட்ச் ஒன்று வெளியிலேயே இருக்கணும், அதை மழை இருட்டும்போதே போடணும். இடி தொடங்கிய பிறகு கை வைக்காதீர்கள். பாறை நிலம், சும்மா குழாய் அடித்தால் எர்த் பிடிக்காது. கரி, உப்பு நிரப்பிய குழி, கோடையில் தண்ணீர்.

டிரான்சிஸ்டரில் இந்தக் கம்பியை நேராக மாட்டினால் திருச்சி டயலின் நாலு இடத்தில் வந்து உட்காரும். மத்திய அலைக்கு, மேல்தோல் உரிக்காத ஒயரைப் பெட்டியைச் சுற்றி மூன்று நான்கு சுற்று சுற்றினாலே போதும்.

குகை:
சிற்றலை திடீரென்று செத்து, திருச்சி மட்டும் வந்தால் பேட்டரிதாங்க. வோல்ட்டேஜ் இறங்கும்போது சிற்றலை ஆஸிலேட்டர்தான் முதலில் படுக்கும். வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு கசிந்து ஸ்பிரிங்கைத் தின்னும். பச்சை பூத்த ஸ்பிரிங்கை எலுமிச்சைச் சாறில் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, உப்புத்தாள் போடணும்.

சூரமங்கலம்:
ரேடியோவிலிருந்து பிடித்த கேசட் வீட்டில் இருப்பவர்கள் அப்படியே ஓட்டிப் பார்க்காதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு பழசில் உதிர்ந்திருக்கும். அது இல்லையென்றால் ஒலி மங்கும். ஸ்க்ரூ போட்ட காலி கேசட் ஒன்றில் டேப்பை மாற்றிவிடுங்கள். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பேச்சில் ‘ச’, ‘ஸ்’ கூர்மையாகக் கேட்கும் வரை ஹெட்டின் சாய்வு ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பணும். மோனோவில் பதிந்ததை ஸ்டீரியோவில் ஓட்டும்போது இடது, வலது சேனல் இரண்டையும் கலக்க வேண்டாம், கலந்தால் அந்தக் கூர்மை போய்விடும். தெளிவான ஒரு சேனலை மட்டும் எடுத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை அதன் நகலில் மட்டும் செய்யுங்கள்.