புரிகிறது, ஆனால் வாயே திறப்பதில்லை: என்ன விளையாட்டு வைக்கலாம்?

மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளைகள் 12 பேருக்கு விளையாட்டாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வாரம் 3 நாள், தடவைக்கு 20 நிமிடம். 10 வாரம் ஆகிவிட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

"டச் சம்திங் ரெட்" என்றால் போதும், அறையே அதிரும். ஒருத்தி ஓடிப்போய் பக்கத்துப் பையனின் சாக்ஸைப் பிடித்துக்கொள்வாள். அதே சாக்ஸைக் காட்டி "வாட் கலர்?" என்றால் தரையைப் பார்க்கிறாள். சிலர் "வாட் கலர்" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்!

சொல்வதை உடம்பால் செய்துகாட்டும் ஆட்டம், அதுதான் ஜேம்ஸ் ஆஷரின் டிபிஆர் முறை, நன்றாகவே போகிறது. ஆனால் அதில் பிள்ளைகள் பேச வேண்டியதே இல்லையே. பட அட்டை 2 வாரத்தில் சலித்துவிட்டது. பைக்குள் கைவிட்டுத் தடவிப் பெயர் சொல்லும் விளையாட்டில் ஒரே பையன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறான், மற்றவர்கள் அவன் வாயையே பார்க்கிறார்கள். ஸ்டிக்கர் ஆசை காட்டியது என் தப்பு, அழுகையில் முடிந்தது. கொஞ்சமாவது பலித்தது முயல் கைப்பொம்மைதான். அதன் காதில் 2 பேர் "ரெட்" என்று கிசுகிசுத்தார்கள். என்னிடம் இல்லை, முயலிடம்!

புது மொழி பழகும் பிள்ளைகள் கொஞ்ச காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது தெரியும். அதனால் வற்புறுத்துவதில்லை.

யாரையும் தனியாக எழுப்பி நிறுத்தாமல், பிள்ளைகள் ஒரு சொல்லாவது சொன்னால்தான் ஆட்டம் நகரும் என்கிற மாதிரி, இந்த வயதில் உங்களுக்குப் பலித்த விளையாட்டு எது?