பழைய ஜிப்சி, அடியில் துரு: கோட்டிங் போதுமா, வெல்டிங் வரை போகணுமா?

செம்பூர் வாசி:
வணக்கம். மாமா மும்பை வெர்சோவாவில் வைத்திருந்த 2011 மாடல் மாருதி ஜிப்சி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. என்ஜின் அருமை, ஃபோர் வீல் டிரைவும் ஒழுங்காக விழுகிறது. ஆனால் வருடக்கணக்கில் கடல் காற்றில் நின்ற வண்டி. குனிந்து பார்த்தால் அடியெல்லாம் காவி நிறம். வலது பின் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் பிராக்கெட் பக்கம் துரு அடுக்கடுக்காகப் பொருக்குத் தட்டியிருக்கிறது, நகத்தால் நெம்பினாலே செதில் கையோடு வருகிறது. டிரைவர் காலடியில் கார்பெட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

ஒரு கேரேஜில், "மழைக்கு முன்னாடி ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிச்சுடலாம், ஒரே நாள் வேலை" என்று 9,000 ரூபாய் சொல்கிறார்கள். 15 வருடம் முடிவதால் ஆர்.சி.யும் புதுப்பிக்க வேண்டும். அடித்துவிடலாமா? இல்லை, வண்டியே தேறாதா?

முலுண்ட் ஜீப்காரன்:
தரை ஓட்டையை நினைத்துத் தூக்கம் கெடுக்காதீர்கள். அது தகடு வெட்டி ஒட்டுகிற வேலை. பிராக்கெட்தான் கவலை.

சயான் பட்டறை:
தம்பி, அந்த ஒரு நாள் கோட்டிங் இப்போதைக்கு வேண்டாம். துருவின் மேலேயே தாரோ ரப்பரோ பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும், தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே கருகருவென்று புது வண்டி மாதிரிதான் தெரியும். நானே இப்படிப் பூசிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கோட்டிங்கை உரித்தால் இரும்பும் சேர்ந்து வரும்.

முதலில் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். ஜிப்சி சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், பெட்டி மாதிரி மூடியது, அதனால் பக்கத்து ஓட்டைகளில் ஹோஸை விட்டு உள்ளேயும் கழுவ வேண்டும். கீழ் ஓட்டையில் தண்ணீர் வராவிட்டால் சேறு அடைத்திருக்கிறது, கம்பி விட்டுக் குடையுங்கள். வருகிற சேற்றில் துருச் செதில் நிறைய இருந்தால் உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம்.

நன்றாகக் காய்ந்த பிறகு சின்ன சுத்தியலால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்துப்போன இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் பழைய திருப்புளியை வைத்து அழுத்துங்கள். இறங்கவில்லை, செதிலைச் சுரண்டினால் கெட்டித் தகடு வருகிறது என்றால் பெயிண்டோடு முடியும். இறங்கினால் வெல்டிங்தான். பட்டை பிராக்கெட்டுகள், பாடியும் சேஸிஸும் சேரும் இடங்கள், பெட்ரோல் டேங்குக்கு மேல்பக்கம், இவற்றை விடாதீர்கள். பிரேக் பைப் கிளிப் இடுக்கில் பொரிந்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள், பைப்பையே மாற்றுங்கள்.

கீழே படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டாண்ட் போடுங்கள், அதுவும் கெட்டியான இரும்புக்குக் கீழே.

வாஷி பெரியவர்:
எங்கள் காலத்தில் லாரி அடியில் கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடிப்போம். இத்தனை கூத்து இல்லை.

சயான் பட்டறை:
அண்ணாச்சி, லாரிக்குச் சரி. இங்கே ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும், பிரேக்கில் பட்டால் வம்பு. சொசைட்டி பார்க்கிங்கில் ஒரு சொட்டு விழட்டும், செக்ரட்டரி விடுவாரா?

செம்பூர் வாசி:
தட்டிப் பார்த்துவிட்டேன். இடது பக்கம் முழுக்கக் கணீர். வலது பின் பிராக்கெட்டுக்கு மேலே, சேஸிஸின் அடிப்பக்கத்தில், திருப்புளி முனை உள்ளே போய்விட்டது. உள்ளங்கை அளவு இடத்தில் பொத்தென்ற சத்தம். மற்ற இடங்களில் சுரண்டினால் குழி குழியாக, ஆனால் கெட்டியாக இருக்கிறது. பிரேக் பைப் ஓரிடத்தில் பொரிந்திருக்கிறது.

சயான் பட்டறை:
அப்படியானால் வண்டி தேறும். சேஸிஸ் வெல்டிங் தெரிந்த பட்டறையாகப் பாருங்கள், இரும்பு கேட் செய்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஓட்டை மேல் தகட்டை ஒட்டச் சொல்லக் கூடாது. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, சேஸிஸின் கனத்துக்கே தகடு போட வேண்டும். தகட்டின் மூலைகள் வளைவாக இருக்கட்டும், சேஸிஸுக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டு ஓடினால் அங்கேயே விரிசல் விடும். பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். டேங்கை இறக்கித் தள்ளி வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று விட்டால் அதில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

மற்ற இடங்களுக்குக் கப் பிரஷ் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) போட்ட கிரைண்டர், கை நுழையாத இடத்தில் உப்புத்தாள். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள், கம்பி தெறிக்கும். குழிக்குள் மிச்சமிருக்கும் துருவுக்கு, அதைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவம். தேநீர் நிற டானின் வகை கறுப்பாக மாறும். பளிச்சென்ற இரும்பில் அதற்கு வேலை இல்லை. அப்புறம் டூ பேக் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது) எபாக்ஸி பிரைமர், அதன் மேல் சேஸிஸ் பிளாக் என்கிற கறுப்புப் பெயிண்ட். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் மும்பை மழைக்கு நிற்காது. மே மாத வெயிலிலேயே முடியுங்கள், ஈரக் காற்றில் பெயிண்ட் பிடிக்காது.

முலுண்ட் ஜீப்காரன்:
ஒன்று விட்டுப்போயிற்று. சேஸிஸ் நம்பர் வெட்டிய இடத்தில் கிரைண்டர் படக் கூடாது, கெட்டியாகப் பெயிண்டும் பூசாதீர்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் பென்சில் தேய்த்து நம்பர் எடுப்பார்கள். அழிந்திருந்தால் ஆர்.டி.ஓ.வில் அலைய வேண்டியதுதான். துணியால் துடைத்து லேசாக கிரீஸ் போதும்.

செம்பூர் வாசி:
நல்ல வேளை சொன்னீர்கள். வெல்டு செய்த இடத்தின் உள்பக்கம்? அங்கே பிரஷ் போகாதே.

சயான் பட்டறை:
வெல்டு சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்திருக்கும், முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். வெளிப் பெயிண்ட் காய்ந்ததும் கேவிட்டி வேக்ஸ் (மூடிய உள்பக்கத்துக்கு அடிக்கும் மெழுகு) டப்பாவில் நீளக் குழாயை மாட்டி, சேஸிஸ் ஓட்டைகள் வழியே உள்ளே அடியுங்கள். வெல்டிங் முடிந்த பிறகுதான், முன்னால் அடித்தால் தீப்பிடிக்கும். வடிகால் ஓட்டைகளை வேக்ஸ் அடைத்துக்கொள்ளும், மறுநாள் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிரேக் டிஸ்க், சைலென்சர் மேல் படாமல் பழைய பேப்பர் சுற்றிக்கொள்ளுங்கள்.