ஃபோர்க்லிஃப்ட் மாஸ்ட் தானாகவே முன்னால் சாய்கிறது: கோளாறு சிலிண்டரிலா, வால்விலா?

கேள்வி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் பட்டறையில் வேலை செய்கிறேன். எங்கள் 2.5 டன் டீசல் ஃபோர்க்லிஃப்டில், 33.33 கிலோ ரப்பர் பேல்கள் (கட்டிகள்) 36 அடுக்கிய பேலட்டை, அதாவது 1.2 டன் சுமையை, பின்னால் சாய்த்துப் பிடித்தபடி லாரிக்குக் காத்திருந்தால், லீவரைத் தொடாமலேயே மாஸ்ட் (ஃபோர்க்கைத் தாங்கும் முன்பக்கச் செங்குத்துச் சட்டம்) மெல்ல முன்னால் வந்துவிடுகிறது. வெளியே எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லை. மாஸ்டைச் சாய்க்கும் இரண்டு டில்ட் சிலிண்டர்களையும் புதிதாக மாற்றிவிடச் சொல்கிறார்கள். காரணம் தெரியாமல் மாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்:
தம்பி, உங்கள் தயக்கம் சரியானதே. டில்ட் சிலிண்டரின் அடி சேசிஸிலும் தண்டு மாஸ்டிலும் பொருத்தப்பட்டிருப்பதால், சுமை தண்டை வெளியே இழுக்கப் பார்க்கும்; அதைப் பிடித்து வைத்திருப்பது தண்டுப் பக்கத்து எண்ணெய். வெளிக்கசிவு இல்லையென்றால், அது பிஸ்டன் சீலைக் கடந்து அடிப்பக்கம் போகிறது, அல்லது தேய்ந்த ஸ்பூல் (லீவரோடு நகர்ந்து எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வுப் பகுதி) வழியாக டாங்கிக்குப் போகிறது.

ஸ்பூலுக்குள் ஸ்பிரிங் வைத்த டில்ட் லாக் வால்வு ஒன்றும் உண்டு. லீவரை முன்னால் தள்ளும்போது பம்ப் அனுப்பும் எண்ணெய் அடிப்பக்கத்தில் அழுத்தத்தை ஏற்றி அந்த ஸ்பிரிங்கை வென்றால்தான், தண்டுப் பக்க எண்ணெய் திரும்பிப் போக வழி திறக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது லீவரைத் தள்ளினாலும் மாஸ்ட் சாயாமல் நிற்பது இதனால்தான். ஆகவே, சுமையைத் தரையை ஒட்டி வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னால் தள்ளிப் பாருங்கள். மாஸ்ட் விரைவாகச் சாய்ந்தால் லாக் வால்வு சிக்கியிருக்கிறது. முன்போலவே மெல்ல நகர்ந்தால் அது நன்றாக இருக்கிறது.

அடுத்து, சுமையை இறக்கி, ஃபோர்க்கைத் தரையில் வைத்து, மாஸ்டை முழுக்கப் பின்னால் சாய்த்து, எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, அடிப்பக்க ஹோஸ்களைக் கழற்றி, ஹோஸ்களின் வாயை மட்டும் அடைத்துவிடுங்கள்; சிலிண்டர்களின் துவாரம் திறந்தே இருக்கட்டும். பிறகு எஞ்சினை ஓட்டி, லீவரைச் சில விநாடிகள் பின்பக்கம் பிடியுங்கள். எந்தத் துவாரத்திலிருந்து எண்ணெய் இடைவிடாமல் வருகிறதோ அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போய்விட்டது. இரண்டும் காய்ந்திருந்தால் ஸ்பூலைப் பாருங்கள். அந்த நேரத்தில் லீவரை முன்னால் தள்ளவே கூடாது. முகத்தைத் துவாரத்துக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. லாக் வால்வு நன்றாகவே இருக்கிறது. வலது சிலிண்டரில் நான்கைந்து சொட்டோடு நின்றுவிட்டது. இடதில் நூல் பிடித்தாற்போல வந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் கசிந்தால் மாஸ்ட் முறுக்கிக்கொள்ளாதா?

பதில்:
முறுக்காது. இரண்டின் தண்டுப் பக்கமும் ஒரே குழாயில் இணைந்திருப்பதால், இடது சீல் வழியாக வலதின் எண்ணெயும் சேர்ந்தே வெளியேறும். இடது சிலிண்டரைப் பிரித்ததும் உட்சுவரை நகத்தால் வருடிப் பாருங்கள். கீறல் நகத்தில் தட்டினால் புதிய சீலும் கிழிந்துவிடும், ட்யூபையே மாற்ற வேண்டும். வழவழப்பாக இருந்தால் சீல் கிட் போதும். வயது ஒன்றுதான் என்பதால் வலதுக்கும் சேர்த்தே போடுவது என் வழக்கம். தண்டின் முனையைக் கழற்றும் முன் மரையில் அடையாளம் இடுங்கள். இரண்டின் நீளமும் ஒத்துவராவிட்டால்தான் மாஸ்ட் முறுக்கும். பூட்டிய பிறகு சுமையின்றிப் பலமுறை முன்னும் பின்னும் சாய்த்துக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.