மறுமொழி: ரோட்டரி எஞ்சினுக்கு ‘சுழலுருளைப் பொறி’

குழுவினருக்கு வணக்கம். பழைய விமானங்களில் இருந்த ரோட்டரி எஞ்சினைத் தமிழில் ‘சுழலுருளைப் பொறி’ என்கிறேன் நான். அதற்கு ஒருவர் எழுதியது:

> ‘சுழல் பொறி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா, ஆனால் வகுப்பில் எடுபடவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில், இங்கிலாந்தின் ஓல்ட் வார்டன் திடலில் பழைய விமானங்கள் பறந்து காட்டும் காணொலியைப் போட்டேன். அங்குள்ள ஷட்டில்வொர்த் விமானச் சேகரிப்பின் சோப்வித் பப், ஆவ்ரோ 504கே இரண்டும் முதல் உலகப்போர்க் காலத்து வகைகள், இன்றும் பறக்கின்றன. “இதில் இருப்பது சுழல் பொறி” என்றதும், “எல்லா எஞ்சினும் சுத்தத்தானே சார் செய்யும்?” என்றான் ஒருவன். பின்வரிசைக்காரன் மஸ்டா ஆர்எக்ஸ்-8 கதையைத் தொடங்கிவிட்டான். அந்தக் காரில் இருப்பது, முக்கோணத் துண்டு ஒன்று உள்ளே சுழலும் வாங்கெல் வகை, வேறு எஞ்சின். அதையும் ரோட்டரி என்றுதானே சொல்கிறார்கள்!

ஆகவே எது சுழல்கிறது என்பது சொல்லிலேயே இருக்கவேண்டும். சுழல்பவை உருளைகள், அதாவது சிலிண்டர்கள். நடுத்தண்டு விமானத்தோடு இறுகி அசையாமல் நிற்க, ஒன்பது உருளைகளும் முன்விசிறியோடு சேர்ந்து சுற்றும். ஒட்டுக்கடையில் தலைக்குமேல் ஓடும் காற்றாடியைப் பாருங்கள்: கம்பி நிற்கிறது, மோட்டார்க் கூடு இறக்கைகளோடு சுற்றுகிறது. அதே கதைதான். விமானம் தரையில் நின்றாலும் உருளைகளில் காற்றுப்பட்டுச் சூடு தணியும். மசகுக்கு விளக்கெண்ணெய், பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால். மிச்ச எண்ணெய் வெளியே தெறித்து விமானியின் முகத்துக்கே வரும். பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே எண்ணெய்தான், பாவம்.

‘சுழல் ஆரப்பொறி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தருக்கம் சரி, உருளைகள் வட்டத்தின் ஆரம்போல் விரிகின்றன. ஆனால் ஆரம் என்றால் என் மாணவர்களுக்குக் கழுத்தில் போடுவது மட்டுமே. அதோடு, ரேடியல் எஞ்சினுக்குத் தனிப்பெயர் வேண்டும். 1958இல் நம் மலேசிய விமானப்படைக்கு வந்த முதல் விமானமான ட்வின் பயனியரின் எஞ்சினிலும் ஒன்பது உருளைகள்தாம்; அங்கே அவை அசையா, தண்டுதான் சுழலும். சக்கரத்து ஆரக்கால்போல் விரிந்து நிற்பதால் அதற்கு ‘ஆரக்கால் பொறி’ என்பேன்.

சுழலுருளை வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. பொறி பிடிக்காதவர்கள் சுழலுருளை எஞ்சின் என்று சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. உருளை என்றதும் கிழங்கு ஞாபகம் வந்து வகுப்பு ஒரு நிமிடம் சிரித்தது, அவ்வளவுதான் சேதம்.

போன வாரம் இந்தச் சொல்லைச் சொல்லி அதே காணொலியை மறுபடி போட்டேன். ஆர்எக்ஸ்-8 பையன் கேட்டான்: “உருளையே சுத்துனா பெட்ரோல் எப்படி சார் உள்ளே போகும்?” தண்டு உள்ளே வெற்றுக்குழல், அதன் வழியாகத்தான் என்றேன். கிராங்க்ஷாஃப்ட் எனப்படும் அந்தத் தண்டை ‘வணரித்தண்டு’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். வாயில் சிக்குகிறது. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.