'பிஹோவ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, பழைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன், 'இட் பிஹோவ்ஸ் அஸ்' (it behoves us) என்ற இடத்தில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பிரிட்டனில் ஒரு 'ஓ' எழுதி பிஹோவ், அமெரிக்காவில் இரண்டு 'ஓ' எழுதி பிஹூவ், சரி, அது போகட்டும். 'ஐ', 'யூ' எல்லாம் இதற்கு எழுவாயாக வராது, 'இட்' மட்டும்தான், கிட்டத்தட்ட நம்ம 'எனக்கு வேண்டும்' மாதிரி.

பொருள்தான் குழப்பம். பழைய எழுத்தில் 'கடமை', 'தகும்' என்ற தொனி; இப்போது அமெரிக்கர்கள் 'செய்தால் உனக்குத்தான் நல்லது' என்ற அர்த்தத்திலும் சொல்கிறார்கள், லேசான மிரட்டலோடு. 'நமக்குத் தகும்' என்றால் உரையாசிரியர் வாடை, 'நம் கடமை' என்றால் சப்பென்று இருக்கிறது. 'பேசுவதற்கு முன் கேட்பது நமக்கு...' இந்த வாக்கியத்தை நீங்கள் எப்படி முடிப்பீர்கள்?