டிராப்-அவுட் வோல்ட்டேஜ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை, பாலிடெக்னிக் ஆசிரியர்:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். டிப்ளமோ செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 சீராக்கியை ஸ்பைஸ் என்ற மின்சுற்றுப் பாவனை மென்பொருளில் வரைந்து, 6 வோல்ட் ஊட்டி, 1 ஆம்பியர் இழுத்தால் 5 வராது. 4-ஐ ஒட்டித்தான் வரும். ‘மாடல் தப்பு சார்’ என்று பையன்கள் இணையத்தில் வேறு மாடல் தேடப் போய்விடுகிறார்கள். மாடல் சரிதான். அந்தச் சுமையில் உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக வேண்டும். இதுதான் டிராப்-அவுட் வோல்ட்டேஜ். பழைய கையேட்டில் இதற்கு ‘இடைநிற்றல் மின்னழுத்தம்’ என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் கணக்குப் போல!

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
‘சேதார மின்னழுத்தம்’. நகை வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, சேதம் வடசொல். நம்மிடம் ‘இறு’ இருக்கிறதே. இறுத்தல் என்றால் வரி செலுத்துதல்; வடித்தல்; விடை கூறுதல். நன்னூலார் விடைவகை எட்டையும் ‘எண் இறை’ என்றுதான் சொல்கிறார். கருவி தனக்கென எடுத்துக்கொள்வது இறை. ஆக, ‘இறையழுத்தம்’. இறைவன், இறைவை, இறப்பு மூன்றையும் இதே வேரில் நிறுத்தலாம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

பெங்களூர், மின்னணுப் பொறியாளர்:
ஐயா, இறப்பு வரை போக வேண்டாம். சேதாரம், இறை இரண்டும் பொருளிலேயே தவறு. 12 வோல்ட் கொடுத்தால் 7805 மேல் 7 வோல்ட் விழும். 1 ஆம்பியரில் 7 வாட் சூடு. அது டிராப்-அவுட் இல்லை. சீராக்கம் கைநழுவாமல் இருக்கத் தேவையான மிகக் குறைந்த வேறுபாடுதான் டிராப்-அவுட். எனவே ‘குறைந்தபட்ச வேறுபாடு’ என்றே எழுதுங்கள். அப்புறம், வெறும் டிசி ஊட்டாமல், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் சிறிய மின்தேக்கியும் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை உள்ளீடு 7-க்குக் கீழே இறங்கும். அதே இடத்தில் வெளியீடும் பள்ளம் விழும். இரண்டு அலையையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எந்தப் பையனும் மாடலைக் குறை சொல்ல மாட்டான்.

மதுரை:
நன்று. அப்படியானால் டிராப்-அவுட் குறைந்த சீராக்கியான எல்டிஓவை என்னவென்று எழுதுவீர்கள்? ‘குறைந்த குறைந்தபட்ச வேறுபாட்டுச் சீராக்கி’ என்றா? ‘குறையிறைச் சீராக்கி’ நாவில் நிற்கிறது, பாருங்கள்.

யாழ்ப்பாணம், உயர்தர பௌதிகவியல் ஆசிரியை:
ஒரு சின்ன விசயம். எங்களுக்குச் சீராக்கி என்றால், ஏசியை டிசியாக்க நீங்கள் சொல்லும் அலைத்திருத்தி. இந்தக் கையேடு இங்கே வந்தால் பெடியள் இருவாயியை, அதாவது டயோடைத் தேடுவினம். மின்னழுத்தமும் எங்களுக்கு வோல்ற்றளவுதான்.

சென்னை:
அக்கா, அதைத் தொட்டால் அடுத்த வெள்ளியும் போய்விடும்!

கோவை:
சரி. ‘குறைந்தபட்ச வேறுபாடு’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் டிராப்-அவுட். சீராக்கியை ‘நிலைப்படுத்தி’ ஆக்கிவிட்டேன். இரு கரைக்கும் பொது. எல்டிஓ எல்டிஓவாகவே இருக்கட்டும். அலை வரைபட யோசனையை இரண்டாம் செய்முறையாகச் சேர்த்தாயிற்று.

மதுரை:
எல்டிஓ என்றே எழுதுவதற்குக் கலைச்சொல் குழு எதற்கு ஐயா? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘இறை’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.